மணலெழுத்து முதல் மொண்டிசோரி வரை: புதுக்கடையும் பாலர் கல்வி வரலாறும்

கல்வியின் வரலாறு பெரும்பாலும் பாடசாலைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பாடசாலைக்குக் கட்டடம் உண்டு, இடாப்பு உண்டு, அதிபரின் அறிக்கையும் பரிசோதகரின் குறிப்பும் உண்டு. ஆதலின் வரலாற்றாசிரியர் அதனை எளிதிற் காண்கின்றனர். ஆயின் ஒரு குழந்தை பாடசாலை வாயிலை மிதிப்பதற்கு முன்னரே ஒரு மொழியைப் பேசக் கற்றுவிடுகின்றது. சிறிது பெரிது, முன் பின், கூட்டம் குறைவு என்னும் வேறுபாடுகளை அறிந்துவிடுகின்றது. கையையும் கண்ணையும் ஒருங்கே இயக்கப் பழகிவிடுகின்றது. பிற்காலக் கல்வி அனைத்தும் நிற்பது இவ்வத்திவாரத்தின் மீதே. எனினும் அடுக்களையிலும் முற்றத்திலும் கடைத்தெருவிலும் நிகழ்ந்த இக்கல்விக்கு இடாப்பு எதுவும் பேணப்படவில்லை. அன்றாட வாழ்வின் செயல்கள் வழியாகக் குழந்தை கற்ற முறை எவ்வாறு பாடசாலைக்குள் எடுத்துச் செல்லப்பட்டது, அங்கு அது எவ்வாறு உருமாறியது என்பவற்றைக் கொழும்பின் ஒரு பகுதியை மையமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடமும் பெயரும்

கொழும்பு 12 என்னும் அஞ்சற் பிரிவில் அமைந்த புதுக்கடைக்கு இரு பெயர்மரபுகள் உண்டு. ஒல்லாந்தத் தளபதி ஜெராட் ஹல்ஃப்ட் 1656 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றும் முற்றுகையின்போது உயிரிழந்தார். அவருடைய பெயரால் அமைந்தது ஹல்ஃப்ட்ஸ்டோர்ப், அஃதாவது ஹல்ஃப்டின் ஊர், என்னும் பெயர். அரச ஆவணங்களும் ஆங்கில நூல்களும் இப்பெயரையே பேணின. அங்கு வாழ்ந்த மக்களோ அவ்விடத்தைப் புதிய கடைகளைக் கொண்டே அறிந்தனர். தமிழர் புதுக்கடை என்றனர்; சிங்களவர் அதே பொருள்பட அளுத்கடை என்றனர். ஆவணம் தளபதியை நினைவிற் கொண்டது. தெரு கொள்வனவையும் விற்பனையையும் நினைவிற் கொண்டது.

இவ்விரட்டை மரபு கல்விக்கும் பொருந்தும். நீதிமன்றங்களும் சட்டக் கல்லூரியும் நிற்கும் புதுக்கடை, நாடறிந்த புதுக்கடையாகும். அதன் பின்புறத்து ஒழுங்கைகளிலும், ஒரே முற்றத்தைச் சூழப் பல குடும்பங்கள் நெருங்கி வாழும் தோட்டங்களிலும் வளர்ந்த குழந்தைகளின் புதுக்கடை வேறொன்றாகும். இங்கு தமிழரும், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்களும், மலாயரும், சிங்களவரும் அண்டை வீட்டாராய் வாழ்ந்து வந்துள்ளனர். கடைக்குச் சென்று சீனியும் தேயிலையும் வாங்கிவரும் சிறுவன் இரண்டு மொழிகளில் எண்ணவும், மிச்சக் காசைச் சரிபார்க்கவும், மூத்தோரை அவரவர் முறைப்படி அழைக்கவும் எவரும் தனியே கற்பிக்காமலே கற்றுக்கொண்டான்.

வீடும் திண்ணையும்

தமிழர் வாழ்வில் எழுத்தின் தொடக்கம் வீட்டுப் பொருளோடு பிணைந்திருந்தது. விசயதசமி நாளில் ஏடு தொடக்கும் சடங்கில், பரப்பிய அரிசியின் மேற் குழந்தையின் விரலைப் பிடித்து முதலெழுத்தை எழுதுவிப்பது வழக்கம். திண்ணைப் பள்ளியில் அரிசியின் இடத்தை மணல் பெற்றது. குழந்தை மணலில் விரலால் எழுதிய எழுத்தை அழித்து மீண்டும் எழுதிற்று. கை நன்கு பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கொடுக்கப்பட்டன. எழுத்து முதலிற் கைக்கும், பின்னரே கண்ணுக்கும் பழக்கமாயிற்று என்பது இம்முறையின் சிறப்பாகும்.

விளையாட்டும் இவ்வாறே கல்வியாயிற்று. கொக்கான் வெட்டும் சிறுமி ஒன்று, இரண்டு, மூன்று எனக் கற்களைக் கூட்டிப் பிரித்து அள்ளும்போது எண்களின் சேர்க்கையை விரல்களால் அறிகின்றாள். பல்லாங்குழியில் எண்ணி இடுதலும் முன்கூட்டிக் கணித்தலும் உண்டு. அரிசியைச் சுண்டால் அளத்தல், சுளகிலிட்டுப் புடைத்தல், கல் பொறுக்குதல் ஆகியவை அளவையும் வகைப்படுத்தலையும் கற்பித்தன. பிட்டுக் குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் மாறிமாறி இடப்படுவதைப் பார்த்திருக்கும் குழந்தை, அடுத்து வருவது எதுவெனச் சொல்லத் தொடங்கும்போது ஓர் ஒழுங்கினைக் கண்டறிந்துவிடுகின்றது. கணிதத்தின் தொடக்கம் இத்தகைய ஒழுங்குணர்வே எனலாம்.

முஸ்லிம் இல்லங்களில் குர்ஆன் ஓதப் பழகுவதே எழுத்தறிவின் வாயிலாக அமைந்தது. அறபு எழுத்துகளைக் கற்ற பிள்ளைகள் அவ்வெழுத்துகளாலேயே தமிழை எழுதும் அறபுத்தமிழையும் வாசிக்கும் வாய்ப்பைப் பெற்றனர். பாடசாலைக்குச் செல்லாத பெண்கள் பலர் மார்க்க நூல்களை வீட்டில் வாசிக்க இது துணைபுரிந்தது. எழுத்தறியாதோர் என்று கணக்கிடப்பட்டவருள் வேறோர் எழுத்தை அறிந்தோரும் இருந்தனர் என்பது கருதத்தக்கது.

எனினும் பழைமை அனைத்தையும் பொற்காலமெனப் போற்றுதல் வரலாற்று நோக்காகாது. திண்ணைப் பள்ளி மனப்பாடத்தையும் பிரம்பையும் பெரிதும் நம்பியிருந்தது. சாதியாற் தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகளுக்கு அத்திண்ணை பெரும்பாலும் எட்டாததாயிற்று. அடுக்களையிற் பெண்பிள்ளை கற்றது உண்மையேயாயினும், அவளை அடுக்களையில் நிறுத்திவைத்ததும் அதே வழக்கமே. செயல் வழியாகக் கற்றல் வேறு, பிள்ளையின் உழைப்பைப் பெறுதல் வேறு. இவ்வேறுபாடு மறக்கப்படின் இப்பொருள் பற்றிய ஆய்வு வெறும் புகழ்ச்சியாகிவிடும்.

எழும்பூரிலிருந்து இங்கிலாந்துக்கு

தமிழ்நாட்டுத் திண்ணையின் மணலெழுத்து கடல் கடந்த கதை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த அன்ட்ரூ பெல் என்னும் மதகுரு 1789 ஆம் ஆண்டிற் சென்னை எழும்பூரில் இராணுவத்தினரின் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியின் பொறுப்பை ஏற்றார். அப்பகுதிப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அதனைத் தம் விடுதியிலும் புகுத்த விரும்பினார். ஆசிரியர்கள் அதற்கு இசையாமையால், ஜோன் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனைக் கொண்டே சிறியோருக்கு எழுத்துக் கற்பித்தார். பிள்ளை பிள்ளைக்குக் கற்பிக்கும் இம்முறையை 1797 ஆம் ஆண்டில் இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை முறையோடு இது நெருங்கிய ஒப்புமை உடையது. யாழ்ப்பாணத்து வழக்கில் ஆசிரியரையே சட்டம்பியார் என்று அழைத்தமையும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

பெல்லின் முறை இங்கிலாந்திலும் பிரித்தானியக் குடியேற்ற நாடுகள் பலவற்றிலும் பரவிற்று. ஆயின் பரவியபோது அதன் இயல்பு மாறியது. ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான வறிய பிள்ளைகளைக் குறைந்த செலவிற் பயிற்றும் ஏற்பாடாகவே அது மதிக்கப்பட்டது. மணல் எஞ்சியது, மணலில் விளையாடும் விரலின் சுதந்திரம் எஞ்சவில்லை. அன்றாட வாழ்விலிருந்து ஒரு முறையை எடுத்து நிறுவனமாக்கும்போது அதன் உருவம் தங்கி உயிர் நீங்கக்கூடும் என்பதற்கு இஃது ஒரு முற்சான்றாகும்.

குன்றின்மேற் பாடசாலைகள்

புதுக்கடையும் அதனையடுத்த வுல்வெண்டால் குன்றும் கொழும்பின் பாடசாலை வரலாற்றில் முக்கிய இடம் பெறுவன. ஒல்லாந்தர் காலத்தில் பாடசாலையும் தேவாலயமும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. பாடசாலையின் தோம்பிலேயே திருமுழுக்கும் திருமணமும் பதியப்பட்டன. பிள்ளையின் அறிவை வளர்ப்பதினும் அதன் சமயத்தை உறுதிசெய்வதே அப்பாடசாலையின் முதற்பணியாக இருந்தது. 1757 ஆம் ஆண்டில் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட வுல்வெண்டால் தேவாலயத்தின் பின் விறாந்தையில், 1835 ஆம் ஆண்டில் ஜோசப் மார்ஷ் என்னும் மதகுரு ஒரு சிறு பாடசாலையைத் தொடங்கினார். பின்னர் கொழும்பு அக்கடமியாகவும் றோயல் கல்லூரியாகவும் வளர்ந்தது அதுவேயாகும். நாட்டின் புகழ்பெற்ற ஆங்கிலக் கல்லூரியும் ஒருவகைத் திண்ணையிலேயே பிறந்தது என்பது சுவையான செய்தியாகும்.

முஸ்லிம்களின் நவீன கல்வியும் இப்பழைய கொழும்பிலேயே வேரூன்றியது. கண்டியிற் பிறந்த வழக்கறிஞரும், ‘முஸ்லிம் நேசன்’ இதழின் ஆசிரியரும், ‘அசன்பேயுடைய கதை’யை எழுதியவருமான அறிஞர் சித்திலெப்பை, எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இலங்கை வந்திருந்த ஒறாபி பாஷாவின் ஊக்கத்தோடு 1884 ஆம் ஆண்டில் மதுரசத்துல் கைரிய்யத்துல் இஸ்லாமியா என்னும் பாடசாலையைத் தோற்றுவித்தார். இன்றைய ஹமீத் அல் ஹுசைனி கல்லூரியின் தொடக்கம் அதுவேயாம். குர்ஆன் பள்ளிக்கும் ஆங்கிலப் பாடசாலைக்கும் இடையே தம் சமூகத்துப் பிள்ளை கிழிபட்டு நிற்றலாகாது என்பதே சித்திலெப்பையின் கவலையாக இருந்தது.

இப்பாடசாலைகள் யாவும் ஆற்றிய பணி பெரிது. ஆயினும் அவை வாசிக்கத்தக்க வயதடைந்த பிள்ளையையே நோக்கின. அதற்கு முற்பட்ட வயதுக் குழந்தை தாயின் பொறுப்பாகவும், தாய் கூலிவேலைக்குச் செல்லும் வீட்டில் மூத்த சகோதரியின் பொறுப்பாகவும் விடப்பட்டது. ஐரோப்பாவில் புரோபெல் 1840 ஆம் ஆண்டில் ‘குழந்தைகள் பூங்கா’ எனப் பொருள்படும் கிண்டர்கார்ட்டின் என்னும் பெயரை வழங்கி விளையாட்டைக் கல்வியின் நடுவில் வைத்திருந்தார். இங்கு அக்கருத்து வசதி படைத்தோரின் ஆங்கிலப் பாடசாலைகளின் கீழ்வகுப்புகளுக்கே முதலில் எட்டிற்று.

உரோமிலிருந்து கொழும்புக்கு

1907 ஆம் ஆண்டு சனவரி 6 ஆந் திகதி, இத்தாலியின் உரோம் நகரில் சான் லொரென்சோ என்னும் வறிய பகுதியில் மருத்துவர் மரியா மொண்டிசோரி முதலாவது ‘குழந்தைகள் இல்ல’த்தைத் திறந்தார். அது தொடர்குடியிருப்பொன்றின் கீழறையில் அமைந்திருந்தது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் தனித்து விடப்பட்ட குழந்தைகள் சுவர்களைப் பாழாக்குவதைத் தடுப்பதே கட்டட உரிமையாளரின் கவலையாயிருந்தது. மொண்டிசோரியோ அக்குழந்தைகளுக்கு உண்மையான வேலைகளைக் கொடுத்தார். அவர்கள் கை கழுவினர், தரை கூட்டினர், மேசை துடைத்தனர், நீரைச் சிந்தாமல் ஊற்றினர், பொத்தானைப் பூட்டினர். இவற்றை அவர் நடைமுறை வாழ்க்கைப் பயிற்சிகள் என்றார். ஒரு வேலையில் ஆழ்ந்த குழந்தை தானே ஒழுங்கடைகின்றது என்பதே அவர் கண்ட உண்மை.

எழுத்தைக் கற்பிக்க அவர் மணற்றாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவச் செய்தார். இம்முறை இத்தார், செகுவின் என்னும் பிரான்சிய மருத்துவரின் மரபில் வந்ததேயன்றித் தமிழ்த் திண்ணையிலிருந்து பெறப்பட்டதெனக் கூறுதற்கில்லை. எனினும் விரல் அறிந்த எழுத்தை மனம் எளிதிற் பற்றும் என்னும் ஒரே உண்மையை இரு மரபுகளும் தனித்தனியே கண்டடைந்தன என்பது தெளிவு.

1939 ஆம் ஆண்டு நவம்பரில், பிரமஞான சங்கத்தின் தலைவர் ஜோர்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பையேற்று மொண்டிசோரி தம் மகன் மரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அங்கு நடந்த முதற் பயிற்சி நெறியில் 300 பேருக்கு மேற்பட்டோர் கலந்துகொண்டனர். 1940 ஆம் ஆண்டு யூனில் இத்தாலி போரில் இறங்கவே, அவர்கள் பகை நாட்டவராகக் கருதப்பட்டனர். மரியோ தடுத்துவைக்கப்பட்டார், தாயின் எழுபதாவது பிறந்தநாளை முன்னிட்டு விடுவிக்கப்பட்டார். கோடைக்கானலில் அவர்கள் வாழ்ந்த காலத்திற் பல வயதுப் பிள்ளைகளும் ஒருங்கே கற்கும் முறை விரிவு பெற்றது. 1944 ஆம் ஆண்டில் நடமாட்டக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டபோது மொண்டிசோரி இலங்கைக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். அவர் ஐரோப்பாவுக்கு மீண்டது 1946 ஆம் ஆண்டிலாகும். புதுக்கடைக்கு அண்மையிலுள்ள கொட்டாஞ்சேனையில், நல்லாயன் கன்னியர் மடத்தைச் சார்ந்து மொண்டிசோரி ஆசிரியர் பயிற்சி நெடுங்காலம் நிலைபெற்று வந்துள்ளது.

சான் லொரென்சோவின் தொடர்குடியிருப்புக்கும் புதுக்கடையின் தோட்டங்களுக்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படையானது. நெருக்கமான அறைகள், பகலில் வேலைக்குச் செல்லும் பெற்றோர், பொது முற்றம் என்பன இரண்டிற்கும் பொது. ஆகவே மொண்டிசோரி முறை முதலிற் சென்றடைந்திருக்க வேண்டிய இடம் இத்தோட்டங்களேயாம். ஆனால் அது சென்றடைந்தது கட்டணம் செலுத்த வல்ல வீடுகளையே.

இலவசக் கல்வியும் எஞ்சிய வெளியும்

மொண்டிசோரி கொழும்புக்கு வந்த அதே 1944 ஆம் ஆண்டில், அரசாங்க சபையில் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் சீர்திருத்தங்கள் விவாதிக்கப்பட்டன. 1945 ஒக்டோபர் முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. தொடக்கநிலையில் தாய்மொழியே போதனாமொழியென ஏற்கப்பட்டமையால், புதுக்கடைப் பிள்ளைகளுட் பெரும்பாலானோர் வீட்டில் பேசிய தமிழிலேயே கற்கும் உரிமை பெற்றனர். இலங்கையின் சமூக வரலாற்றில் இதனை விஞ்சிய சாதனைகள் சிலவே. ஆயினும் பாடசாலைக்கு முற்பட்ட ஆண்டுகள் இவ்வேற்பாட்டினுள் அடங்கவில்லை. அவ்வெளி தனியாருக்கும் சமய நிறுவனங்களுக்கும் உரியதாயிற்று.

1972 ஆம் ஆண்டின் சீர்திருத்தம் பாடசாலையிற் சேரும் வயதை ஐந்திலிருந்து ஆறாக உயர்த்தியபோது இவ்வெளி மேலும் விரிந்தது. பின்னர் அவ்வயது மீண்டும் ஐந்தாக்கப்பட்டது. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பின்னர் முன்பள்ளிகள் மாகாண சபைகளின் பொறுப்புக்குட் சென்றன. 1991 ஆம் ஆண்டில் இலங்கை சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை ஏற்றுறுதிசெய்தது. 1997 ஆம் ஆண்டின் சீர்திருத்தம் ஆரம்ப வகுப்புகளில் விளையாட்டு, செயற்பாடு, மேசைவேலை என்னும் மூன்றையும் ஒருங்கிணைத்தது. அரசின் கொள்கை மெல்ல மெல்லக் குழந்தையின் இயல்பை நோக்கி நகர்ந்தது எனலாம்.

நடைமுறையோ எதிர்த்திசையில் நகர்ந்தது. கொழும்பு மக்களின் பேச்சில் ‘மொண்டிசோரி’ என்பது முன்பள்ளி எதனையும் குறிக்கும் பொதுப்பெயராகிவிட்டது. அப்பெயர்ப் பலகை தாங்கிய இடங்கள் பலவற்றில் மூன்று வயதுக் குழந்தை கொப்பியில் எழுத்துகளை வரிவரியாக எழுதி, வீட்டுவேலையும் கொண்டுசெல்கின்றது. தரை கூட்டவும் நீர் ஊற்றவும் பழக்கிய அம்மையாரின் பெயரால், குழந்தையின் கையிலிருந்து துடைப்பமும் கிண்ணமும் பறிக்கப்பட்டுப் பென்சில் திணிக்கப்படுகின்றது. பெல்லின் மணலுக்கு நேர்ந்ததே மொண்டிசோரியின் மணற்றாளுக்கும் நேர்ந்தது.

இதன் விளைவு வீட்டையும் தாக்கியுள்ளது. கட்டணம் செலுத்திப் பெறுவதே கல்வி என்னும் எண்ணம் வலுப்பெறவே, தாம் அன்றாடம் செய்யும் வேலைகளிற் குழந்தை கற்பதற்கு எதுவுமில்லை எனத் தாய்மார் நம்பத் தலைப்பட்டனர். ஒரு காலத்தில் எழுத்தறியாத் தாயும் தன் குழந்தைக்கு ஆசிரியையாக இருந்தாள். இன்று எழுத்தறிந்த தாயும் தன்னை ஆசிரியையாகக் கருதத் தயங்குகின்றாள்.

முற்றத்தின் பாடம்

வேறு வழி இல்லாமலில்லை. மேற்கிந்தியாவில் மொண்டிசோரி முறையைப் பயின்ற தாராபாய் மோடக், விலையுயர்ந்த கருவிகள் கிராமக் குழந்தைக்குப் பொருந்தா என்று கண்டார். 1945 ஆம் ஆண்டில் அவர் மகாராட்டிரத்தின் போர்டி என்னும் கிராமத்தில், அனுதாய் வாக்கின் துணையோடு, இலையையும் விதையையும் கல்லையும் சிப்பியையும் கல்விக் கருவிகளாக்கினார். குழந்தைகள் பள்ளிக்கு வராதபோது பள்ளி அவர்களின் முற்றத்துக்குச் சென்றது. முற்றப் பள்ளி எனப் பொருள்படும் அங்கன்வாடி என்னும் பெயர், 1975 ஆம் ஆண்டில் இந்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின் நாடெங்கும் பரவிற்று.

புதுக்கடைத் தோட்டத்தின் பொது முற்றத்துக்கும் இது பொருந்துவதே. துவைத்த துணிகளைப் பெரியது சிறியதெனப் பிரித்து இரண்டாக, நான்காக மடிக்கும் குழந்தை பின்னத்தின் உருவைக் காண்கின்றது. உண்போரை எண்ணிக் கோப்பைகளை எடுத்து வைக்கும் குழந்தை ஒன்றுக்கு ஒன்று ஒப்பிடுகின்றது. அவ்வேலையின்போது மூத்தோர் கேட்கும் கேள்வியே அதனைக் கல்வியாக்குகின்றது. ‘இன்னும் எத்தனை வேண்டும்?’ என்னும் கேள்விக்கு விடை தேடும் குழந்தை, கழித்தலின் குறியீட்டை அறியுமுன்னரே கழித்தலை அறிந்துவிடுகின்றது. தனித்துச் செய்ய இயலாததைத் தேர்ந்தவர் துணையோடு செய்யும் எல்லையிலேயே குழந்தையின் வளர்ச்சி நிகழ்கின்றது என உருசிய உளவியலாளர் வைகொட்ஸ்கி விளக்கியதும் இதனையே.

இவ்விடத்து ஓர் ஆட்சேபம் எழலாம். முதலாம் வகுப்பு அனுமதிக்குப் போட்டி மிகுந்த நகரில், எழுத்தும் ஆங்கிலமும் விரைவில் வேண்டுமெனப் பெற்றோர் கேட்பது பேதைமையன்று. சமூகத்தில் எது மதிக்கப்படுகின்றது என்பதை அவர்கள் சரியாகவே அறிந்துள்ளனர். நாள் முழுதும் உழைத்து வரும் பெற்றோருக்கு ஓய்வும் அரிது. ஆகவே குறையைப் பெற்றோர் மீது சுமத்துதல் நீதியாகாது. எனினும் அன்றாடச் செயல்வழிக் கல்வி தனிநேரம் கோருவதன்று; எவ்வாறாயினும் செய்யவேண்டிய வேலையின்போதே நிகழ்வது. எழுத்தை அது பின்தள்ளுவதுமில்லை. பயிற்றப்பட்ட கையும் சொல்வளம் பெற்ற நாவும் உடைய குழந்தை எழுத்தை எளிதில் எய்துகின்றது. முன்பள்ளி ஆசிரியருக்கு முறையான பயிற்சியும் தக்க ஊதியமும் அளித்து, வீட்டுவேலைக் கொப்பிக்கு மாறாக வீட்டின் வேலையையே குழந்தையின் பாடமாக மதிக்கும் துணிவை அவருக்கு ஊட்டுவது அரசினதும் மாகாண சபையினதும் கடமையாகும்.

முடிவாக

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிபுகள் பெறப்படுகின்றன. அன்றாடச் செயல்கள் வழியாகக் கற்றல் மேனாட்டிலிருந்து வந்த புதுமையன்று. தமிழ் பேசும் மக்களின் வீட்டிலும் திண்ணையிலும் வேரூன்றியிருந்த வழக்கமாகும். அவ்வழக்கம் சாதியாலும் பாலாலும் குறைபட்டிருந்தது. ஆதலின் அதனை அப்படியே மீட்டல் விரும்பத்தக்கதன்று. மொண்டிசோரியும் தாராபாயும் அதனை எல்லாக் குழந்தைக்கும் உரியதாக்க முயன்றனர். அம்முயற்சி கொழும்பிற் பெயரளவில் வென்று பொருளளவிற் பின்னடைந்தது.

புதுக்கடையின் நீதிமன்றங்களில் நடந்த வழக்குகள் தொகுதி தொகுதியாகப் பதிவு பெற்றுள்ளன. அவற்றின் மதிலுக்கு அப்பால் வாழ்ந்த தாய்மாரும் பாட்டிமாரும் குழந்தைகளுக்குக் கற்பித்த கணக்கும் விளையாட்டும் கதையும் இன்னும் உரியவாறு பதியப்படவில்லை. அவற்றை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்களின் வாய்மொழியைத் திரட்டி முன்பள்ளி ஆசிரியரின் கையிற் சேர்ப்பது தமிழ் பயிலும் பல்கலைக்கழக மாணவர் இப்போதே மேற்கொள்ளத்தக்க பணியாகும். அப்பணிக்குத் தேவைப்படுவன ஒரு குறிப்பேடும், ஒழுங்கைகளில் நடந்து செல்லும் பொறுமையும், கேட்கும் செவியுமேயாம்.